காத்தமுத்துவுக்கு வைத்த சோறு

கல் வைக்கலாமா, வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தவரைக்கும் கல்லுமலை ரப்பர் தோட்டத்தில் யாருக்கும் யாரோடும் மனத்தாங்கல் இல்லை. வைத்துக்கொள்ளுங்கள் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொல்லியனுப்பிய பிறகுதான் ஆளுக்கொரு பக்கம் இழுக்கத் தொடங்கினார்கள்.

சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்ச் செத்தவர்களுக்கான கல் அது. ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தோட்டத்திலிருந்து லாரி லாரியாக ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். சண்டை முடிந்து திரும்பி வந்தவர்களை வைத்து ஒரு லாரியைக்கூட நிரப்ப முடியாது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் அடுத்த சனியன் வந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கி தூக்கினார்கள். வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் என்று சட்டம் போட்டார்கள். தோட்டத்தின் மூலைக்கு மூலை கிடந்த லயத்து வரிசை வீடுகளைப் பிரித்து ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். மாரியம்மன் கோயிலைப் பிரிக்க மட்டும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அம்மன் வேலிக்கு வெளியே தங்கிவிட்டாள். கல்லும் அவள் பக்கத்தில்தான் என்று முடிவானது.

ராமாத்தாளுக்கு இந்தக் கல்லின் மேல் ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. காலையில் வேலி வாசலில் உடல் சோதனை. அப்புறம் மத்தியானம் வரைக்கும் வெறும் வயிற்றோடு பால்வெட்டு. காட்டுக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பருக்கைச் சோற்றைக்கூட வேலியைத் தாண்டிக் கொண்டுபோக விடுவதில்லை. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்து சேரும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். இதற்கு நடுவில் செத்தவர்களைப் பற்றிச் சண்டை போட யாருக்குத் தெம்பு இருக்கிறது என்று நினைப்பாள். ஆனால் இருந்தது. மற்ற எதற்கும் இல்லாத தெம்பு எல்லாருக்கும் அதற்கு மட்டும் இருந்தது.

அவள் புருஷன் காத்தமுத்துவும் சயாமுக்குப் போனவன்தான். வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று கங்காணி காளிமுத்து லயம் லயமாக வந்து சொன்னார். அப்போது காத்தமுத்துவும் அவன் அக்காள் குஞ்சம்மாவும் ஒரே காம்பராவில்தான் குடும்பம் நடத்தினார்கள். ஒரு காம்பரா என்றால் கணக்குக்கு ஒரு வீடு. ஒன்று காத்தமுத்து போகவேண்டும், இல்லையென்றால் குஞ்சம்மாவின் புருஷன் போகவேண்டும். அந்த மனுஷனுக்கு இழுப்பு, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். "மச்சான் போனா பாதி வழியிலயே முடிஞ்சிரும், நான் போறேன்" என்று சொல்லிவிட்டு காத்தமுத்து லாரியில் ஏறினான். அந்த மச்சானும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று கால் வீங்கி மறுவருஷமே போய்ச் சேர்ந்தார். குஞ்சம்மாவுக்கு ரெண்டு பக்கமும் போனது.

திரும்பி வந்தவர்களிடம் ராமாத்தாள் போய்க் கேட்டாள். ஒருவன் காய்ச்சலில் போனான் என்றான். இன்னொருவன், இல்லை, வாந்திபேதி, நான்தான் குழியில் போட்டேன் என்றான். மூன்றாவது ஆள், பேங்காக்கில் ஒரு சயாம்காரியோடு கடை வைத்திருப்பதாகக் கேள்வி என்றான். குஞ்சம்மா அந்த மூன்றாவது பேச்சைப் பிடித்துக்கொண்டாள். ராமாத்தாளுக்கு எதையும் பிடித்துக்கொள்ள முடியவில்லை. சாமிக்கண்ணு என்பவர் மட்டும், "நான் பாக்கலம்மா. நாங்க வேற லாரி, வேற கேம்ப்பு. தெரியாததைச் சொல்லக் கூடாது" என்றார். அவர் பெண்டாட்டி கஞ்சியில்லாத காலத்தில் இறந்துபோயிருந்தாள். காலில் ஆறாத புண்ணோடு தனியாகக் கிடந்தார். ஒரு வருஷம் கழித்து, தாலியும் இல்லாமல் மேளமும் இல்லாமல் ராமாத்தாளும் அவரும் ஒரே அடுப்பில் சமைக்க ஆரம்பித்தார்கள். லயத்தில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. குஞ்சம்மா மட்டும் அன்றோடு அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எல்லாரும் கூடினார்கள். கல்லில் என்ன எழுதுவது என்பது பேச்சு. கூட்டம் போட போலீஸில் அனுமதி வாங்கியிருந்தது. அதற்காகவே ஒரு கான்ஸ்டபிள் மரத்தடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது.

யூனியன் வேலை பார்க்கும் தனபாலன் முதலில் எழுந்தான். "ஜப்பான்காரனால் கொல்லப்பட்டவர்கள்னு எழுதணும். நடந்தது அதுதான்."

"கோயில் பக்கத்துல வைக்கிற கல்லுல கொலை கிலைன்னு எழுதுவாங்களா?" என்றார் காளிமுத்து. இப்போது அவர் கங்காணி இல்லை, கோயில் கமிட்டித் தலைவர். "சிவபதவி அடைந்தவர்கள்னு போட்டா போதும்."

"அடைய வச்சது யாருன்னு வேணாமா கங்காணியாரே? லாரியில ஏத்தினது ஜப்பான்காரன். ஆளைக் காட்டினது யாரு?"

காளிமுத்து கோபப்படுவார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் அண்ணன் மவனும்தான் அந்த லாரியில போனான். நான் காட்டலேன்னா என் தலை இருந்திருக்காது. நீ அப்ப மலாக்கா டவுன்ல ஒளிஞ்சிருந்தேல்ல. உனக்குப் பேச லேசு."

"ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடியே நம்மளப் போட்டுட்டு காரேறி ஓடினாங்களே, அந்தத் தொரைமாரை எதுல எழுதுறது?" என்று பின்னாலிருந்து முனியம்மா கேட்டாள்.

"மெதுவா பேசு. கல்லுக்கு எடமே தொரைதான் குடுத்திருக்காரு" என்று பக்கத்திலிருந்தவள் அடக்கினாள்.

பேச்சு இப்படியே சுற்றிச் சுற்றி வந்தது. ஜப்பான்காரன், கங்காணி, துரை, விதி. பின்னாலிருந்த ஒருவர், வராதவர்களில் பாதிப்பேர் தாங்களாகவே கூலிக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் என்றார். அவர் மேல் நாலு பேர் பாய்ந்தார்கள். ராமாத்தாள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடுப்பு வலித்தது. காயப்போட்ட துணியை எடுக்கவில்லை என்ற நினைப்பு வந்துகொண்டே இருந்தது.

அப்போது குஞ்சம்மா எழுந்தாள். "என்னமும் எழுதுங்க. என் தம்பி பேரைப் போடக் கூடாது. அவன் உசிரோட இருக்கான்."

"பத்து வருசம் ஆகப்போகுதுக்கா" என்றான் தனபாலன் தன்மையாக.

"ஆகட்டும். அவன் செத்துட்டான்னு கல்லுல வெட்டிட்டா சில பேருக்குச் சௌகரியம். இன்னொருத்தனுக்கு ஆக்கிப் போடுறதுக்கு ஒரு சாக்கு வேணும்ல."

சாமிக்கண்ணு மெல்ல எழுந்து, காலை இழுத்துக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தார். எல்லாரும் ராமாத்தாளைப் பார்த்தார்கள். அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

"நீ ஒரு வார்த்தை சொல்லு ராமாத்தா" என்றார் காளிமுத்து.

"யார் பேரும் வேணாம்" என்றாள். "போனாங்க, வரல. நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான. அதையே எழுதுங்க."

"போனாங்கன்னா பத்துமலைத் திருவிழாவுக்குப் போன மாதிரி இருக்குக்கா" என்றான் தனபாலன். "கொண்டு போனாங்க."

"சரி, கொண்டு போனாங்க. யாருன்னு போட வேணாம்" என்றார் காளிமுத்து.

அதற்கும் கொஞ்ச நேரம் சண்டை நடந்தது. கடைசியில், 'சயாமுக்குக் கொண்டு போகப்பட்டுத் திரும்பாதவர்கள் நினைவாக' என்று முடிவானது. ஒருவருக்கும் திருப்தி இல்லை. கான்ஸ்டபிள் கடிகாரத்தைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்துகொண்டார்கள்.

வீட்டில் சாமிக்கண்ணு அடுப்பைப் பற்றவைத்திருந்தார். "ஆடி அமாவாசைக்குத்தான் கல்லு நடுறாங்களாம்" என்றாள் ராமாத்தாள். "நீங்க வர்றீங்களா?"

"நான் வரல. எனக்கு ஞாபகப்படுத்த ஒரு கல்லு வேணாம். மறக்கத்தான் ஏதாச்சும் வேணும்." விறகை உள்ளே தள்ளிவிட்டு, "நீ படையல் வை. நான் இருக்கேனேன்னு யோசிக்காத" என்றார்.

அமாவாசையன்று தோட்டத்தில் அரைநாள் லீவு விட்டார்கள். வீட்டுக்கு வீடு சமைத்து, குண்டானும் தூக்குச் சட்டியுமாக வேலி வாசலுக்கு வந்தார்கள். வாசலில் கான்ஸ்டபிள் இஸ்மாயில் கையைக் குறுக்கே நீட்டினான்.

"நாசி தா போலே, மாச்சிக்." சோறு கூடாதம்மா என்றான் மலாயில். மிரட்டாமல், வருத்தமாகத்தான் சொன்னான்.

காளிமுத்து மலாயில் விளக்கினார். செத்தவர்களுக்கான சோறு, கோயிலில் வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுவோம் என்றார். தனபாலன் ஆபீசுக்கு ஓடினான். பூஜைக்கு ஆட்கள் போகத்தான் அனுமதி, சோற்றைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்ற பதிலோடு திரும்பினான். சூடாக இருந்த குண்டான்களைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வெயிலில் நின்றார்கள்.

"உள்ளயே வைப்போம்" என்றார் காளிமுத்து கடைசியில். "வேலியோரமா, கல்லைப் பாத்தாப்புல எலை போடுவோம்."

"அவங்க கம்பியத் தாண்டி வரணுமா?" என்றான் ஒருவன்.

"அத்தனை காட்டைத் தாண்டி வர்றவங்களுக்கு இது ஒரு கம்பியா?"

இதிலும் ரெண்டு கட்சி ஆயிற்று. ஆனாலும் இலைகளைப் போட்டார்கள். வேலியை ஒட்டி வரிசையாகச் சோறும் குழம்பும் வைத்துவிட்டு, பூவும் சூடமும் மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போக வரிசையில் நின்றார்கள். பெண்களைச் சோதிக்க பக்கத்து டவுனான மெர்லிமாவிலிருந்து ஜெயா என்ற பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். ராமாத்தாளுக்கு முன்னால் குஞ்சம்மா நின்றாள்.

குஞ்சம்மா இலை எதுவும் போடவில்லை. உயிரோடு இருப்பவனுக்கு யார் படையல் வைப்பார்கள்? மற்றவர்களுக்குச் சூடம் காட்டத்தான் வருகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஜெயாவின் கை அவள் இடுப்பில் பட்டு நின்றது. சேலைக் கட்டுக்குள்ளிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலம் வந்தது. பிரித்தால், சோறும் கருவாட்டுக் குழம்பும்.

சோறு கடத்தினால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் ஒருத்தி ஒரு பொட்டலம் அரிசிக்காக ஜெயிலுக்குப் போயிருந்தாள். பூர்வீக ஊருக்கே கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள் என்றும் பேச்சு. குஞ்சம்மாவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"யாரோடது?" என்று இஸ்மாயில் மலாயில் கேட்டான்.

"என்னோடது" என்றாள் ராமாத்தாள். எப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "என் வீட்டுக்காரருக்கு வச்ச சோறு. மதினிகிட்ட நான்தான் குடுத்தேன்."

ஜெயா அதை மலாயில் சொன்னாள். இஸ்மாயில் ரோட்டைப் பார்த்தான். பெரிய அதிகாரியின் ஜீப் எந்த நேரமும் வரலாம். பொட்டலத்தைப் பார்த்தான், ரெண்டு பெண்களையும் பார்த்தான். "மக்கான் சினி" என்றான். "செக்காராங்."

"இங்கயே, இப்பவே தின்னுடணுமாம்" என்றாள் ஜெயா தணிந்த குரலில். "சீக்கிரம் உக்காருங்கக்கா."

வாசலோரத்து மண்ணில் ரெண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் இலை. காக்கைக்குக்கூட வைக்காத சோறு. ராமாத்தாள்தான் முதலில் கை வைத்தாள். பிசைந்து ஒரு வாய் போட்டாள். காலையிலிருந்து விரதம் என்பதால் பசித்தது. அப்படிப் பசித்தது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

குஞ்சம்மா கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். "உசிரோட இருந்தா அங்க எவளாச்சும் ஆக்கிப் போடுவா" என்றாள் இலையைப் பார்த்தபடி. "இல்லேன்னா யாரு போடுவா? எனக்குத் தெரியல ராமாத்தா. எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்."

"தின்னுங்க மதினி. ஜீப்பு வந்துரும்."

"அவன் என் வீட்டுக்காரருக்காகப் போனான்."

"அவரு இஷ்டப்பட்டுத்தான் போனாரு. எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல. தின்னுங்க."

குஞ்சம்மா தின்றாள். ராமாத்தாள் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். கருவாட்டு முள்ளைக்கூட மிச்சம் வைக்காமல், இலையைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். இஸ்மாயில் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

கல் நட்டிருந்த இடத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தனபாலனும் காளிமுத்துவும் மறுபடியும் வாக்குவாதத்தில் இருந்தார்கள். வருஷத்தைப் போடாமல் விட்டுவிட்டார்கள், ஐம்பது வருஷம் கழித்து வருகிறவனுக்கு இது எந்தச் சயாம் என்று எப்படித் தெரியும் என்று தனபாலன் கேட்டுக்கொண்டிருந்தான். காளிமுத்து கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தன் அண்ணன் மகனின் பேரை மெல்லச் சொல்லிச் சூடத்தைப் பற்றவைத்தார். ராமாத்தாள் பூவை வைத்தாள். குஞ்சம்மா கல்லைத் தொடவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்.

அதற்குப் பிறகும் குஞ்சம்மா தம்பி உயிரோடு இருக்கிறான் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கிறவர்கள் ராமாத்தாளின் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் மறுத்துப் பேசுவதில்லை. அமாவாசைக்கு மறுநாள் காலை பெரட்டில் ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். பால் வெட்ட அடுத்தடுத்த மர நிரை கிடைத்ததால் வாளியைத் தூக்கிக்கொண்டு சேர்ந்தே மரத்துக்குப் போனார்கள்.