திரைக்குக் கீழே இருந்த கேள்விகள்

"வந்துச்சுங்களா அக்கா?"

"வந்திருக்குதுங்க டீச்சர். ரெண்டு இருக்குது. நேத்து ஒண்ணு, இப்ப ஒண்ணு."

"இப்ப வந்தத மட்டும் சொல்லுங்க."

அமுதவல்லி போனுக்கு வந்திருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள். மறுமுனையில் இருந்தவள் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிக்கொண்டே தட்டினாள். ஆச்சுங்க அக்கா, வெச்சிடறேன் என்றாள்.

அவள் போனை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு மறுபடி முட்டை பொறுக்கத் தொடங்கினாள். வெண்ணந்தூருக்கு வெளியே, சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த கோழிப்பண்ணை அது. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே நேரத்தில் முனகும் இடத்தில் நெடுநேரம் நின்றால் அது சத்தமாகவே தெரியாது. காதுக்குள் தண்ணீர் புகுந்து அங்கேயே தங்கிவிட்டதைப் போல இருக்கும். கூண்டுகளுக்கு வெளியே சரிந்த கம்பி மீது முட்டைகள் உருண்டு வந்து நிற்கும். அவற்றை எடுத்து அட்டையில் அடுக்க வேண்டும். மாலை வரை அதுதான் வேலை.

"ஏனுங்க தலைவரே, கவர்மெண்டு உங்களக் கேக்காம ஒண்ணுமே செய்யாதாட்டிருக்குது" என்றாள் அடுத்த வரிசையிலிருந்த நல்லம்மாள்.

அமுதவல்லி சிரித்தாள். அந்தக் கேலி அவளுக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

அவள் மகள் ரஞ்சிதா படிக்கும் நடுநிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவள்தான் தலைவர். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் தலைமையாசிரியர் குழந்தைவேல் யார் நிற்கிறீர்கள் என்று கேட்டபோது எல்லாப் பெற்றோரும் தரையைப் பார்த்தார்கள். மகளின் மறந்துபோன சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க வந்த அமுதவல்லி மட்டும் அவரைப் பார்த்துவிட்டாள். அப்படித் தலைவரானாள். தலைவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. மாதம் ஒரு முறை போனுக்கு ஓர் எண் வரும். அதைக் கணினி ஆசிரியை சரிதா கேட்பாள். சொல்லிவிட வேண்டும். எதற்கு என்று அவள் ஒரு தடவை கேட்டாள். லேப் ரிப்போர்ட்டுங்க அக்கா என்று சரிதா சொன்னாள். சரிங்க என்று விட்டுவிட்டாள்.

நாட்டில் உள்ள பிள்ளைகள் எல்லாரும் கணினி வழியாகவும் கற்க வேண்டும் என்று தில்லியில் ஒரு கொள்கை எழுதப்பட்டிருந்தது. அது முதலில் தாளாக இருந்தது. பிறகு ஆணையாகி, அட்டைப்பெட்டிகளாகி, ஒரு மினி லாரியில் ஏறி அந்தப் பள்ளியின் வேப்பமரத்தடியில் வந்து இறங்கியது. பத்துக் கணினிகள் கொண்ட லேப். ரிப்பன் வெட்டிப் படம் எடுத்தார்கள். அந்த வருடம் ஐப்பசி மழையில் மின்சாரம் ஏறி இறங்கியதில் பாதி மிஷின்கள் போயின. பேட்டரி வீங்கியது. குழந்தைவேல் எழுதிப் போட்டார், போன் செய்தார். ஆள் வரவில்லை. மீதி இருப்பவை களவு போனால் தன் பென்ஷனில் பிடிப்பார்கள் என்று பயந்து அறையைப் பூட்டினார். ஓடிக்கொண்டிருந்தவற்றில் ஒன்றை மட்டும் தன் அறைக்குக் கொண்டுவந்தார். அதில் சரிதா காலையிலிருந்து மாலை வரை வருகைப் பதிவு, சத்துணவு, சீருடை அளவு என்று எதையாவது ஏற்றிக்கொண்டே இருந்தாள். கணினி சொல்லித்தரத்தான் அவளை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். கிடைத்த பாடவேளைகளில் அவள் கரும்பலகையில் ஒரு கணினியை வரைந்தாள். அழகாக வரைவாள். திரை, விசைப்பலகை, மவுஸ், அதன் வால். பிள்ளைகள் அதைப் பார்த்து நோட்டில் வரைந்து பெயர்களை எழுதினார்கள்.

ரஞ்சிதா எட்டாம் வகுப்பில் முதல் மாணவி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்குத் தேர்வு நடப்பதாக அறிவிப்பு வந்தது. சோறு, படிப்பு, இடம் எல்லாம் இலவசம். அந்தப் பள்ளியின் மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்க்கும் பெரிய குழாய் இருக்கிறது என்று எங்கோ படித்ததிலிருந்து அவள் சாப்பிடும்போதுகூட மேலே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். அவள் அப்பா காளிதாஸ் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார். மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு காட்டிலிருந்து போனில், போயிட்டு வரட்டும், புள்ள கெட்டிக்காரி என்றார். அதற்கு மேல் சிக்னல் இல்லை.

தேர்வு சேலத்தில், அஸ்தம்பட்டியில் ஒரு தனியார் கணினி மையத்தில் நடந்தது. பெற்றோரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அமுதவல்லி ஏற்காடு சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருசக்கர வண்டிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. அவர்கள் எல்லாருக்கும் எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

ரஞ்சிதா சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள்.

"ஈசிதாம்மா. எல்லாமே தெரிஞ்சதுதான் கேட்டிருந்தாங்க. ஆறே கேள்வி."

பக்கத்தில் தன் அம்மாவிடம் வினாக்களை ஒப்பித்துக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். அறுபது கேள்வி இருந்ததே என்றாள். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் கீழே கீழே வந்துகொண்டே இருக்குமே என்றாள்.

ரஞ்சிதா திரும்பி மையத்தின் கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக எல்லாம் வெளியே வந்தது. பக்கத்து இருக்கைப் பெண்ணைப் பார்த்து வட்டத்தில் அழுத்துவதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். திரையில் தெரிந்த ஆறுக்கும் விடை போட்டிருக்கிறாள். மற்றவர்கள் இன்னும் எழுதுவதைப் பார்த்து, பாவம், அவர்களுக்கு விடை தெரியவில்லை போல என்று நினைத்துக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறாள். மேற்பார்வையாளர் முடிச்சிட்டியா என்று கேட்டதற்கு முடிச்சிட்டேன் சார் என்றும் சொல்லியிருக்கிறாள்.

"கீழயும் இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

சரிதா வரைந்த திரையில் கீழே உருண்டு போக எதுவும் இருந்ததில்லை.

அமுதவல்லி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், பிள்ளை கணினியைத் தொட்டதே இல்லை என்று விசாரணை ஜன்னலில் சொன்னாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த இளைஞன் மரியாதையாகத்தான் பேசினான். தம்மம்பட்டிப் பக்கம் இரண்டு மூன்று பள்ளிகளில் கணினியே இல்லை, அந்தப் பிள்ளைகளுக்கு வருகிற சனிக்கிழமை தாளில் தேர்வு வைக்கிறோம், அதற்கு விதி இருக்கிறது என்றான். உங்கள் பள்ளி எது என்று கேட்டான். தன் முன்னால் இருந்த திரையில் தேடினான்.

"உங்க ஸ்கூல்ல லேப் நல்லா ஓடுதுன்னு இருக்குங்களே. எட்டாவது புள்ளைங்க அத்தனை பேரும் பயிற்சி முடிச்சிருக்காங்க. மாசாமாசம் குழுத் தலைவரே ஓடிபி போட்டு ஒத்துக்கிட்டிருக்காங்க." அவன் குனிந்து படித்தான். "அமுதவல்லின்னு ஒருத்தர்."

அவள் அது நான்தான் என்று சொல்லவில்லை.   அந்த இளைஞன், தலைமையாசிரியர் லேப் ஓடவில்லை என்று ஒரு கடிதம் கொடுத்தால் உங்கள் பிள்ளையையும் சனிக்கிழமை உட்கார வைக்கலாம், வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொண்டு வாருங்கள் என்றான்.

ராசிபுரம் பேருந்தில் ரஞ்சிதா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மல்லூர் தாண்டியும் அமுதவல்லி கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. வெளியே கரும்புக் காடும் செங்கல் சூளையும் கல்யாண மண்டபமும் பின்னால் போயின. எல்லாம் யாரோ வேறொருத்தியின் கண்களுக்காகப் போவதைப் போல இருந்தது. தான் சொன்ன ஒவ்வோர் எண்ணுக்கும் மகளின் ஒரு மாதம் போயிருக்கிறது என்ற நினைப்பு வந்தது. அது வந்த பிறகும் உள்ளே எதுவும் அசையவில்லை.

மறுநாள் பண்ணைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். குழந்தைவேல் உட்காரச் சொன்னார். சரிதா மூலையில் தட்டிக்கொண்டிருந்தாள். அமுதவல்லி ஜன்னலில் இருந்த இளைஞன் சொன்னது வரை சொல்லி முடித்தபோது தட்டும் சத்தம் நின்றிருந்தது.

குழந்தைவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். கெட்டவர் இல்லை அவர். பிள்ளைகளை அடிக்காதவர், மழை நாளில் கடைசிப் பிள்ளை போகும் வரை கேட்டில் நிற்பவர். மிஷின் ரிப்பேருக்கு எத்தனை தடவை எழுதினேன் தெரியுமா என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். பேட்டரிக்குத் தன் கைக்காசில் அலைந்ததையும் சொன்னார்.

"மொத மாசம் ஓடலைன்னுதாம்மா போட்டேன். மேலதிகாரிங்க கூட்டத்துல அத்தன பேருக்கு முன்னால எழுப்பி நிக்க வெச்சாங்க. உங்களால எங்க ஒன்றியத்துக்கே பேர் போகுதுன்னாங்க. அடுத்த மாசம் ஓடுதுன்னு போட்டேன். யாரும் ஒண்ணுமே கேக்கல."

இப்போது ஓடவில்லை என்று எழுதினால் இதுவரை போட்டதெல்லாம் பொய் என்று ஆகிவிடும் என்றார். தனக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். சரிதாவின் ஒப்பந்தமும் இதோடு முடிந்துபோகும். பிறகு, மிரட்டுவதாக இல்லாமல், ஒரு விவரத்தைச் சொல்வதுபோல, "உங்க பேரும் அதுல இருக்குதும்மா" என்றார்.

"அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்" என்றாள் சரிதா. குரல் தாழ்ந்திருந்தது. "நான் சொல்லல. அவங்க கேட்டப்பக் கூட முழுசாச் சொல்லல."

"நானும் திருப்பிக் கேக்கல டீச்சர்" என்றாள் அமுதவல்லி. "தலைவருன்னு கூப்பிட்டாங்க, அது போதும்னு இருந்துட்டன்."

அறைக்கு வெளியே சத்துணவுக்கு மணி அடித்தது. தட்டுகளின் சத்தம் வராந்தாவைக் கடந்து போனது.  அமுதவல்லி பேசியபோது அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"மேல இருக்கறவங்கள ஏமாத்திப்போட்டோம்னு நெனச்சுட்டு இருந்தமுங்க சார். அவங்களுக்கு என்ன போச்சு? ஏமாந்தது நம்ம புள்ளைங்க. இல்லாதத இல்லைன்னு சொல்லியிருந்தா என்னைக்காவது ஒரு நாள் வந்திருக்கும். இருக்குதுன்னு சொல்லிப்போட்டா அப்பறம் அது வரவே வராதுங்க. அதான் இருக்குதேன்னுட்டு அடுத்த ஊருக்குப் போயிருவாங்க. பொய்க் கணக்கு எழுதுனா சட்டம் கேக்குதோ கேக்கலையோ, எழுதுனவங்க புள்ளைங்கதான் அதுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குது."

குழந்தைவேல் கண்ணாடியை மாட்டிக்கொள்ளவில்லை. அது அவர் கையிலேயே இருந்தது. சரிதா திரையைப் பார்த்தபடி இருந்தாள். அதில் ஏதோ ஒரு பக்கம் பாதியில் நின்றிருந்தது.

அமுதவல்லி மேசையின் ஓரத்தில் இரண்டு கைகளையும் வைத்தாள்.

"ஒரே ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க சார். எங்க பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் ஓடலைன்னு. பொய்யா ஒத்துக்கிட்டது நானுந்தான்னு எம் பேரையும் சேத்தே எழுதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். எழுதிக் குடுங்க சார்."