ஆளில்லாத இடதுமூலை

பளை மைதானத்தில் கால்பந்து அரையிறுதி. எங்கள் பெண்கள் அணியின் கோல்கள் எல்லாம் தயாளினியின் காலில் இருந்துதான் வரும். அன்று அவள் கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். சண்டைக்காலத்தில், ஐந்து வயதில் தொடையில் ஏறிய செல் குண்டுத் துண்டு இத்தனை வருடம் சும்மா கிடந்துவிட்டு, இப்போது நரம்புப் பக்கம் நகர்ந்திருக்கிறதாம். ஓடவே கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார்.

எங்களுக்கு ஒரு பழக்கம். பந்து கிடைத்தால் நிமிர்ந்து பார்க்காமலே இடதுமூலைக்கு அடிப்போம். அவள் அங்கே நிற்பாள். அன்றும் அப்படியே அடித்தோம். பந்து வெறும் புல்லில் உருண்டு வெளியே போனது. திரும்பத் திரும்பப் போனது.

"அங்க எங்கட ஆக்கள் ஆருமில்லையடி! கண் தெரியேல்லையோ?" என்று கத்தினேன். அடுத்த பந்தை நானே அங்கேதான் அடித்தேன்.

இடைவேளையில் எங்கள் பயிற்சியாளர் நிஷாந்தன் சேர் சொன்னார்: "போன வருசம் தயாளினியிட்டத் தோத்தவை, இன்னும் ரெண்டு பேரை அந்த மூலையிலதான் காவலுக்கு விட்டிருக்கினம். நடுவால போங்கோ."

உண்மைதான். அவள் இல்லாத அந்த மூலையை எதிரணிப் பெண்கள் இருவர் மறித்து நின்றார்கள். ஒருத்தி அடிக்கடி தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

கடைசி நிமிடத்தில் நடுவால் புகுந்து அடித்தேன். கோல்! எல்லோரும் கத்திக்கொண்டு இடதுமூலைக்கு ஓடினோம். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான், யாரைக் கட்டிப்பிடிக்க வந்தோம் என்று தெரியாமல் நின்றோம்.

மைதானத்தின் மற்றப் பக்கத்தில், கதிரையில் இருந்தபடியே, தயாளினி விரித்த கைகளை மெல்ல மடியில் வைத்தாள்.