கறைச் சீட்டு

புல் கறையைத் தேய்க்கக் கூடாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டே சொட்டு சோப்பு, பழைய பருத்தித் துணி, குழந்தையின் வாயைத் துடைக்கிற அழுத்தம், அவ்வளவுதான். ஒன்பது வருடமாக அவள் இப்படித்தான் ஒற்றிக்கொண்டிருந்தாள். வெயில் பட்டால் பாராசூட் துணி இற்றுப்போகும் என்று அந்த நீளக் கூடத்தின் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். கூரைக் கொக்கிகளில் சிவப்பும் நீலமும் வெள்ளையுமாகப் பாராசூட்டுகள் தொங்கின. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கை நிறைய சோப்பை அள்ளுவார்கள். "சோப்பு கம்மியா, சோப்பு கம்மியா" என்று கத்திக் கத்தியே அவளுக்கு சோப்பக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அவள் புருஷன் அதே கம்பெனியில் வேன் டிரைவர். விமானத்திலிருந்து குதிக்கிற பொழுதுபோக்குக்காரர்கள் மைதானத்தில் இறங்கியதும், பாராசூட்டைப் பையில் திணித்து அவன் வேனில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். அதைக் கூடத்தில் கொண்டுவந்து இறக்குவது அவன் வேலை, சுத்தமாக்குவது அவள் வேலை.

அந்த வியாழக்கிழமை அவள் பிரித்தது ஒரு வெள்ளைப் பாராசூட். ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை, நடுவில் வெளிர்மஞ்சள், விளிம்பில் பழுப்பு. புல்லும் இல்லை, சேறும் இல்லை. மற்ற இடத்தில் வழுக்கிக்கொண்டு போன விரல் அங்கே வந்ததும் சொரசொரவென்று நின்றது. அந்தப் பழுப்பு விளிம்பை இதற்கு முன் எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். முந்தாநாள் வீட்டில், புருஷனுடைய பேண்டைத் துவைத்துப் பிழிந்தபோது முழங்காலில் இதே பழுப்பு விளிம்போடு ஐந்தாறு ஓட்டைகள் விழுந்திருந்தன. துவைக்கிற வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. "எந்த முள்ளுல போய் விழுந்தீங்க?" என்று அவனைத் திட்டிவேறு தீர்த்திருந்தாள்.

இப்போது புரிந்தது, பேட்டரி ஆசிட். வேனில் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது பேட்டரி. பெட்டியின் மூடி உடைந்துபோய், கயிறு போட்டுக் கட்டியிருந்தான். பைகளை அதன் பக்கத்தில்தான் அடுக்கியாக வேண்டும், வேறு இடமில்லை.

"என்ன முழிச்சிட்டு நிக்கிற?" மேனேஜர் வாசலில் நின்றார். "ஞாயித்துக்கிழமை முப்பது பேர் வர்றாங்க. வெள்ளைதான் போட்டோவுக்கு எடுப்பா இருக்கும். துடைச்சு மாட்டிடு."

"துடைச்சா கறை போயிடும் சார். துணி தாங்குமான்னு தெரியல. சிவப்பு நாடா கட்டணும்."

"நீ கறை எடுக்கிறவ. தாங்குமா தாங்காதான்னு பாக்கறதுக்கு வேற ஆள் இருக்காரு."

"அவருக்குச் சொல்றதுக்குத்தான் சார் சீட்டு."

மேனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். சந்தேகமான துணிக்குச் சிவப்பு நாடா கட்டிச் சீட்டு மாட்டுவது அங்கே விதி. கட்டிவிட்டால் சனிக்கிழமை வருகிற சோதனைக்காரரைத் தவிர வேறு யாரும் அவிழ்க்கக் கூடாது. சீட்டில் மூன்று வரிதான். என்ன கறை, எப்படி வந்தது, கடைசியில் வேறு விவரம்.

மதியம் கூடத்தின் பின்பக்கம் சாப்பாட்டுடன் உட்கார்ந்தபோது புருஷனிடம் சொன்னாள். அவன் பாதிச் சாப்பாட்டிலேயே டப்பாவை மூடினான்.

"ஆசிட்டுன்னு எழுதினா என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க."

"தெரியுங்க."

"துருன்னு எழுதிட்டா?"

"துருன்னா அவரு மேலாப்புல பாத்துட்டு விட்டுருவாரு. ஞாயித்துக்கிழமை எவனோ ஒருத்தன் அதுல தொங்குவான். அவனுக்கும் வீட்ல யாராவது இருப்பாங்கல்ல?"

அவன் எழுந்துபோய் வேனில் அந்தக் கயிற்றை இழுத்துப் பார்த்தான். பிறகு, "எழுது. மூடி வேணும்னு மூணு வாட்டி கேட்டேன்ல, அதையும் சேர்த்து எழுது. உள்ளதைச் சொன்னா யாரு என்ன பண்ணிட முடியும்?" என்றான்.

அவளும் அப்படித்தான் நம்பினாள். பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல நிதானமாக எழுதினாள். முதல் வரியில்: ஆசிட் கறை. இரண்டாவதில்: வேன் பேட்டரியிலிருந்து சிந்தியது. கடைசியில்: பெட்டிக்கு மூடி கேட்டு டிரைவர் மூன்று தடவை சொன்னார், வாங்கித் தரவில்லை.

சனிக்கிழமை சோதனைக்காரர் கறையின் இரண்டு பக்கமும் கவ்விகளை மாட்டி, தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே இழுத்தார். முள் பாதி தூரம்கூடப் போகவில்லை. நனைந்த காகிதம்போலத் துணி இரண்டாகப் போயிற்று.

"இதை நீ துடைச்சு மாட்டியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "நல்ல வேலை பண்ணினம்மா." சீட்டில் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொண்டுபோனார்.

சாயந்தரம் மேனேஜர் டிரைவரைக் கூப்பிட்டனுப்பினார். அவள் கதவுக்கு வெளியே நின்றாள்.

"உன் பொண்டாட்டியே கைப்பட எழுதிக் குடுத்திருக்கா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"கீழ் வரியையும் படிங்க சார்."

"நீ மூடி கேட்டதுக்கு எழுத்துல என்ன இருக்கு?"

"வாயாலதான் சார் கேட்டேன். நீங்கதானே ஆகட்டும் பாக்கலாம்னீங்க?"

"வாயால ஆயிரம் சொல்லலாம்ப்பா. சாவியை வெச்சுட்டுப் போ."

அவன் வேன் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தான். அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போகிற வழியில், "உன் கையெழுத்து அழகுதான். ஒரு இடத்துலகூடத் தடுமாறாம படிச்சாரு" என்றான்.

திங்கட்கிழமை புது டிரைவர் வந்தான். வேனில் பேட்டரிக்குப் புது இரும்புப் பெட்டி, மூடி, மூடிக்கு ஒரு பூட்டும் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் காறித் துப்பலாம்போல இருந்தது. பைகளை எண்ணி இறக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு சம்பளத்தையாவது காப்பாற்றியாக வேண்டுமே.

பத்து நாள் கழித்து மேனேஜர் முன் அறையிலிருந்து கூப்பிட்டார். "சோப்பக்கா, ஒரு மெத்துனு துணி எடுத்துட்டு வா."

குதிக்க வருகிறவர்கள் காத்திருக்கிற அறை அது. சுவரில் 'உங்கள் உயிர் எங்கள் பொறுப்பு' என்று பொன் எழுத்தில் பெரிதாக எழுதியிருந்தது. அதன் கீழே, கண்ணாடிக்குள், அவளுடைய சீட்டு. ஓர் இளம் ஜோடி பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தது.

"ஒரு சின்னக் கறையைக்கூட விட மாட்டாங்க போல," என்றாள் அந்தப் பெண். "இப்பத்தான் எனக்குத் தைரியமா இருக்கு."

"கண்ணாடி பூரா கைரேகை. துடைச்சு விடு," என்றார் மேனேஜர்.

அவள் கிட்டே போனாள். முதல் இரண்டு வரியும் பளிச்சென்று தெரிந்தன. மூன்றாவது வரி இருக்க வேண்டிய இடத்தில் தடிமனான மரச்சட்டம் இருந்தது. அந்த வரியின் எழுத்துகளில் மேலே வைத்த புள்ளிகள் மட்டும் சட்டத்துக்கு மேலே வரிசையாக எட்டிப் பார்த்தன. கைரேகைகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள்.

"கீழ ஏதோ புள்ளி புள்ளியா அழுக்கு நிக்குது பாரு," என்றார் மேனேஜர், பின்னாலிருந்து.

"அது உள்ள இருக்கு சார்."

"போகும் போகும். அழுத்தித் தேய்."