ஹியூஸ் என்று எழுதியிருந்த கல்லறை

சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்தின் கேட்டைத் தாண்டினேன். அம்மா முன்னால் நடந்தாள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஒரு கையில் மெழுகுவர்த்திப் பை, இன்னொரு கையில் மஞ்சள் ஜெண்டுப்பூ மாலை. அவளுக்கு ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அதிர்ச்சியான எதையும் அம்மா காதில் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இப்போது அப்படிப்பட்ட ஒரு சேதி விமானம் ஏறி, டாக்ஸி பிடித்து, புனேயின் டிராஃபிக்கில் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் பெயர் கரெத்.

புனேயில் நாங்கள் இருக்கும் வானவடியில், எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் என் அம்மா செல்வமேரி வெள்ளைக்கார கேப்டனின் மகள் என்று சொல்வார்கள். கேப்டன் ஹியூஸ், வேல்ஸ் தேசத்துக்காரர், இரண்டாம் உலக யுத்தகாலத்தில் தேஹு ரோடு ராணுவ டெப்போவில் அதிகாரி. அங்கே டெலிபோன் ஆபரேட்டராக இருந்த நாசரேத்துப் பெண் வேதமணியைக் கட்டிக்கொண்டு, பிள்ளை முகம் பார்க்கும் முன்பே டைபாய்டில் போய்விட்டார். வேதமணி சொன்ன கதை இது. அப்பா எங்கே என்று கேட்டு அழுத சின்ன செல்வமேரியை அவள் ஒருநாள் இந்தக் கல்லறைக்குக் கூட்டிவந்து காட்டினாள். அன்றிலிருந்து இதுதான் எங்கள் தாத்தா. தகப்பன் பெயர் சொல்ல முடியாத பிள்ளை என்று யாரும் வாயைத் திறக்காமல் இருந்தது இந்தக் கல்லால்தான். நானும் ஷீலாவும் கோவிலில் மோதிரம் மாற்றிய கையோடு இங்கேதான் வந்து மாலை போட்டோம். என் மகள் ரெனிட்டாவை ஞானஸ்நானம் முடிந்து இதன்மேல்தான் கிடத்தினோம். வருஷா வருஷம் கல்லறைத் திருநாள் காலையில் வெள்ளையடிப்போம், சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அம்மா வாசிக்கப் பழகும் முன்பே சுண்ணாம்புமேல் சுண்ணாம்பு ஏறி எழுத்தெல்லாம் அடைபட்டுப்போனது. ஹியூஸ் என்ற பெயரை மட்டும் கறுப்பு பெயின்டில் நான் புதுப்பித்துவிடுவேன். மிச்சம் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் சுரண்டிப் பார்க்கத் தோன்றவில்லை. சொந்தத் தாத்தாவின் பெயரைச் சரிபார்க்க யாராவது சுரண்டுவார்களா?

ரெனிட்டா போன வருஷம் ஆபீஸ் தோழிகளோடு சேர்ந்து ஒரு விளையாட்டாக எச்சிலைக் குழாயில் துப்பி, பரம்பரை பார்க்கிற கம்பெனிக்கு அனுப்பினாள். அதில் ரத்த சொந்தம் என்று வந்து சிக்கினவர்தான் கரெத் ஹியூஸ். வேல்ஸில் வாத்தியார் வேலை பார்த்து ரிட்டயரான மனிதர். வீடியோவில் எங்களைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் தாத்தாவும் என் அம்மாவின் அப்பாவும் ஒருவரேதான், சந்தேகமே இல்லை என்றார். தாத்தா யுத்தம் முடிந்ததும் ஊர் திரும்பி, ஏற்கெனவே இருந்த மனைவியோடு குடும்பம் நடத்தி, மலையடிவாரப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தாராம். இந்தியாவைப் பற்றி வாயே திறக்க மாட்டாராம். லேட்டாக வரும் பையன்களைப் பார்த்து மட்டும் "ஜல்தி, ஜல்தி" என்று இந்தியில் கத்துவாராம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் தன் கட்டிலில் படுத்தபடி இறந்தார் என்றார் கரெத். எழுபத்தெட்டில் எனக்கு ஏழு வயசு. இந்தக் கல்லறைக்கு முன்னால் முழங்காலில் நின்று, தாத்தா ஆத்துமா இளைப்பாறட்டும் என்று ஜெபம் சொல்லியிருப்பேன். அந்த ஆத்துமா அங்கே பையன்களை விரட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

பாட்டியிடம் சொல்லிவிடுவோம், அது அவங்க அப்பா என்று ரெனிட்டா தனக்குத் தெரிந்த தமிழில் சண்டை போட்டாள். நான் மாட்டவே மாட்டேன் என்றேன். வருகிறவர் கேப்டனுடைய அண்ணனின் பேரன் என்று அம்மாவிடம் ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன். கரெத்திடம் கெஞ்சினேன். தானாக எதையும் சொல்ல மாட்டேன், ஆனால் நேராகக் கேட்டால் தனக்குப் பொய் வராது என்றார். அந்த 'ஆனால்' என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

நான் இன்னும் வெள்ளையடிக்கத் தொடங்கவில்லை, கேட்டில் டாக்ஸி வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. அவ்வளவு உயரத்தில், சிவந்த முகத்தில், அப்படியே அம்மாவின் மூக்கு. அம்மா பழைய ஸ்டெனோ, இங்கிலீஷுக்குப் பஞ்சமில்லை. பிரயாணம் எப்படி, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று ஒழுங்காக விசாரித்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக் கல்லறைக்கு அழைத்துப்போனாள். தலைமாட்டில் நின்று, ஊரிலிருந்து யாராவது வந்தால் வீட்டுக்குள் குரல் கொடுக்கிறவளைப் போலச் சொன்னாள்.

"அப்பா, ஒங்க வீட்டுல இருந்து ஆள் வந்திருக்காவ."

கரெத் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் கல்மேல் குனிந்தார். எங்கள் கண்ணிலிருந்து தப்பிக்கத்தான் குனிந்திருக்க வேண்டும். ஆனால் குடும்ப வரலாறு தேடி ஊர் ஊராகக் கல்லறைக் கல்லைப் படிக்கிறவருக்குக் கை சும்மா இருக்குமா? பெயருக்குக் கீழே விரலால் லேசாகத் தடவினார். இந்த வருஷம் மழை அக்டோபர் கடைசிவரை விடவில்லை. ஊறி உப்பியிருந்த சுண்ணாம்பு, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து அவர் கையோடு வந்துவிட்டது.

உள்ளே கல் புத்தம்புதிதாக இருந்தது. தாமஸ் ஹியூஸ், சிப்பாய், வயது இருபது, 1919.

அம்மா கண்ணாடியைத் தேடிப் பைக்குள் கையை விட்டிருந்தாள். எனக்கு மூளை வேலை செய்யவில்லை. பிரஷ்ஷை வாளியில் தோய்த்து அந்த எழுத்துகள்மேல் ஒரே இழுப்பாக இழுத்தேன். ஈரச் சுண்ணாம்பு காயும்வரை எதையும் மறைக்காது. ஆயுசு முழுக்க வெள்ளையடித்த எனக்கு அந்த நிமிஷத்தில் அது மறந்துபோனது. தண்ணீர் பட்ட எழுத்துகள் முன்னைவிடக் கறுத்து, பளிச்சென்று தெரிந்தன. மறுபடி தோய்த்தேன்.

"ஏலே எட்மண்ட், பிரஷ்ஷக் கீழ வை."

வைத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கரெத்தின் தோளைப் பிடித்துக் குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்தாள். வருஷத்தை இரண்டு தரம் படித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சுக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், புடவை மடிப்பு ஏறி இறங்குகிறதா என்று. ஆஸ்பத்திரிக்கு எந்தக் கேட் வழியாகப் போனால் சீக்கிரம், இந்த நாளில் ஆட்டோ கிடைக்குமா என்றெல்லாம் மனசு ஓடியது. பக்கத்துக் கல்லறையில் ஒரு குடும்பம் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்தலாம்போல இருந்தது.

அம்மா நிமிர்ந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. கரெத்திடம் இங்கிலீஷில், ஆபீஸில் தேதி கேட்கிற அதே குரலில், அப்படியானால் கேப்டன் எப்போது இறந்தார் என்று கேட்டாள்.

கரெத் சொன்னார். வருஷத்தையும் ஊரையும் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். தலைமையாசிரியராக இருந்ததையும் சொன்னார்.

"பிள்ளைகள் உண்டா?"

இரண்டு பேர் என்றார். மூத்தவர் தன் அப்பா என்றும், சாகும்வரை அவருக்குத் தன் தகப்பனான கேப்டன் என்றால் பயம் என்றும் சொன்னார்.

அம்மா கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்தாள். நான் கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டாள். என்னையா, என் பொய்யையா, இல்லை எண்பது வருஷத்துக்கு முந்தின வேதமணியையா, எதைத் தட்டிவிட்டாள் என்று தெரியவில்லை. மாத்திரை வேண்டுமா என்றேன். வலிக்கிறதா என்றேன்.

"இந்தப் பையன் ரெனிட்டாவ விடச் சின்னவம்ல" என்றாள், கல்லைத் தொட்டபடி. "இவனப் போயி அப்பான்னு..."

பிறகு கரெத்திடம், வேல்ஸில் இருக்கும் கேப்டனுடைய கல்லறையின் படம் இருக்கிறதா என்று கேட்டாள். அவர் இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவருக்குத்தான் பொய் வராதே. போனை எடுத்துத் தேடி, இரண்டு கையாலும் நீட்டினார். ஈரப் புல்லில் சாம்பல் நிறப் பலகைக்கல் ஒன்று. பெயர். தலைமையாசிரியர். அன்புக் கணவர். அதற்குக் கீழே, இன்னாருக்கும் இன்னாருக்கும் தகப்பன் என்று இரண்டு பெயர்கள்.

அம்மா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். அந்த இரண்டு பெயர்களும் திரை முழுக்க வந்தன. அவற்றுக்குக் கீழே தள்ளினாள், மூன்றாவதாக ஒரு பெயர் இருக்க வேண்டிய, எழுத்தில்லாத இடத்துக்கு. அங்கே நிறுத்தி இன்னும் பெரிதாக்கினாள். இன்னும். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, மூச்சு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். திரையில் கல்லின் சாம்பல் நிறம் மட்டும்தான் இருந்தது, அவள் விரல்கள் இன்னும் விரிந்துகொண்டே இருந்தன.