முயல் வேளை

இறந்துபோன அப்பாவின் தலைமாட்டில் நர்மந்தா ஆவி பறக்கும் பால் தேநீரை வைத்தபோது கூடாரத்துக்கு வெளியே லாரி வந்து நின்றது.

அவசரமாகப் போர்வையை அவர் காது வரைக்கும் இழுத்துவிட்டாள். முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. உயிரோடு இருந்தபோதும் அப்பா லுவ்சன் இப்படித்தான் படுப்பார். அந்தப் பழக்கம் இன்றைக்கு உதவியாகப் போயிற்று.

சாவு விழுந்த வீட்டிலிருந்து நாற்பத்தொன்பது நாளைக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூட வெளியே போகக் கூடாது. போனால் வீட்டின் செழிப்பும் அதன் பின்னாலேயே போய்விடும். அண்டைக் கூடாரத்துக்காரி ஊசி இரவல் கேட்டால்கூடக் கை நீட்டிக் கொடுக்க மாட்டார்கள். நர்மந்தா விரலை விட்டு எண்ணிப் பார்த்திருந்தாள். நாற்பத்தொன்பது நாள் என்றால் நடுக் குளிர்காலம். அதற்குள் லாரியில் ஏற்ற ஆடு இருக்காது, தோல்தான் இருக்கும்.

கோடை முழுக்க ஒரு நல்ல மழை இல்லை. புல் கணுக்கால் உயரத்திலேயே கருகிப்போனது. மிச்சத்தை வெள்ளாடுகள் வேரோடு பிடுங்கித் தின்றுவிட்டன. பனி விழுந்த பிறகு, மூன்று நாளாகத் தெற்கிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வீசுகிறது. கார்த்திகைக் குளிரில் வரக்கூடாத காற்று. பனியின் மேல் மழை பெய்து, அது இரவில் உறைந்தால் மேய்ச்சல் நிலத்துக்கே இரும்புப் பூட்டுப் போட்ட மாதிரிதான். குளம்பு தேயத் தேயச் சுரண்டினாலும் ஒரு புல் கிடைக்காது. ஆடுகள் நின்ற இடத்திலேயே செத்து நிற்கும்.

பாதி மந்தையைக் குறைக்கலாம், அதற்குப் பதில் வைக்கோல் வாங்கலாம் என்று அவள் இரண்டு மாதமாக அப்பாவிடம் மன்றாடினாள். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஆயிரம் தலை மந்தைக்காரர் என்ற பட்டயம் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்ப்பார், பேச மாட்டார். நேற்று ராத்திரிதான் மனம் இறங்கினார்.

"லாரில ஏத்திட்டுப் போகட்டும். ஆனா ஒவ்வொண்ணுக்கும் முடி எடுத்து வச்சிரு. ஒண்ணைக்கூட விட்டுராத."

விற்கும் ஆட்டின் முடியில் கொஞ்சம் பிடுங்கி வைத்துக்கொண்டால் அதன் அதிர்ஷ்டம் வீட்டோடு தங்கும். இத்தனை நாளும் அது அவர் வேலை. விடியற்காலையில் அவள் அடுப்பில் காய்ந்த சாணத்தை வைத்து ஊதிக்கொண்டிருந்தபோது அவர் மூச்சு நின்றது. தம்பி பூரெவ் அதற்கு முன்பே மந்தையைப் பிரிக்கக் கிளம்பிவிட்டான். அவனுக்கு எதுவும் தெரியாது.

லாரிக்காரன் சோக்தோ குனிந்து உள்ளே வந்தான். வாட்டசாட்டமான ஆள், சும்மாவே சத்தமாகப் பேசுவான்.

"என்ன தங்கச்சி, பெரியவர் இன்னும் எழுந்திரிக்கலையா? வெயில் ஏறிப்போச்சே!"

"ராத்திரியெல்லாம் இருமல், அண்ணே. இப்பத்தான் கண்ணசந்தாரு."

"மூக்குப்பொடி கொடுக்காம நான் எப்படிப் போறது? வந்த வீட்டுப் பெரியவருக்குக் கும்பிடு போடலைன்னா என் அம்மா செருப்பால அடிக்கும்." மடியிலிருந்து பொடிக் குப்பியை எடுத்துக்கொண்டு படுக்கை அருகே போய்விட்டான்.

நர்மந்தா கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனாள்.

"எழுப்பாதீங்க, அண்ணே. எழுந்தா மனசை மாத்திக்குவாரு."

சோக்தோ ஒரு கணம் நின்று பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "அதுவும் சரிதான்! பிடிவாதக்காரக் கிழவன். தூங்கட்டும், தூங்கட்டும்." குப்பியை அவர் தலையணை ஓரம் வைத்து, தலை குனிந்துவிட்டு எடுத்துக்கொண்டான். அவளுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்கவே பொறுக்கவில்லை. பெற்ற அப்பனை வைத்து ஒருத்தனைச் சிரிக்கவைத்தாயிற்று.

வைக்கோல் கட்டுகளை இறக்கிவிட்டு ஆடுகளை ஏற்றத் தொடங்கினார்கள். பூரெவ் ஒவ்வொன்றாகக் கொம்பைப் பிடித்து இழுத்து வந்தான். நர்மந்தா பலகை ஓரம் நின்று முடியைப் பிடுங்கி மூட்டையில் போட்டாள்.

"அப்பா எங்க அக்கா? இதுக்குக்கூட வெளிய வரலையா?"

"படுத்திருக்காரு."

"கோவமா?"

"தெரியலடா. நீ ஆட்டைப் பிடி."

"ஆயிரம் தலை இருந்த வீடு. நாளைக்கு நம்மள ஒருத்தன் மதிப்பானா? மந்தையைக் குறைக்கச் சொல்ற அந்த அரசாங்க வகுப்புக்கு நீ போனதிலிருந்து இதே பாட்டு."

அவள் அடுத்த ஆட்டின் முடியைப் பிடுங்கினாள். நூறு ஆடானதும் விரல் மரத்தது. இருநூறில் நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது. "ஒரு பத்தை விட்டா குடி முழுகிடுமா? இருட்டுறதுக்குள்ள கணவாயைத் தாண்டணும்" என்று சோக்தோ பரபரத்தான். அவள் ஒன்றையும் விடவில்லை. அந்த ஒரு வாக்கையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று இருந்தது. மலைக்கு மேலே மேகம் ஈயமாய்த் திரண்டது. நாய் கூடார வாசலில் உட்கார்ந்துகொண்டு உள்ளேயும் போகாமல் இந்தப் பக்கமும் வராமல் முனகியது. பூரெவ் அதை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

மூன்றடுக்கில் நானூறு ஆடுகளோடு லாரி மேட்டைத் தாண்டி மறைந்த பிறகுதான் நர்மந்தா வாயைத் திறந்தாள்.

"பூரெவ். அப்பா போயிட்டாருடா."

அவன் ஓடினான். அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். தலைமாட்டில் தேநீர் ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. பூரெவ் முழங்கால் போட்டு அப்பாவின் கையைப் பிடித்தான்.

"எப்போ?"

"இப்பத்தான். லாரி கிளம்பினப்போ."

அவன் அந்தக் கையை மடக்கப் பார்த்தான். அது மடங்கவில்லை. குளிரில் விறைத்த எத்தனையோ ஆட்டு உடம்புகளைத் தூக்கிப் போட்டவன் அவன்; இப்போதுதான் உயிர் போன உடம்பு இப்படி விறைக்காது. அக்காவை அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கையை மெல்லப் போர்வைக்குள் வைத்தான். பிறகு போனை எடுத்து லாமாவைக் கூப்பிட்டான். எந்தத் திசையில் கொண்டுபோவது, எந்த நாளில், யார் தொடலாம் என்பதெல்லாம் அவர் ஏடு பார்த்துச் சொல்ல வேண்டும். ஏடு பார்க்க, ஒரு நாளைப் பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் பிரித்த வேளைகளில் உயிர் பிரிந்தது எது என்று தெரிய வேண்டும். வேளை பிசகினால் போகிறவருக்கு வழி பிசகும்.

"எந்த வேளைல பிரிஞ்சுது?" லாமாவின் குரல் கூடாரம் முழுக்கக் கேட்டது.

பூரெவ் போனை அக்காவின் பக்கம் நீட்டினான்.

"பெண்ணே, சொல்லு. குதிரை வேளையா, ஆட்டு வேளையா? மத்தியானம் உங்க வீட்டுலேர்ந்து லாரி போச்சுன்னாங்களே, அதுக்கு முன்னயா, பின்னயா?"

உண்மையைச் சொன்னால் ஊருக்கெல்லாம் தெரிந்துபோகும். செத்த அப்பனை மூடிவைத்து மந்தையை விற்றவள் என்று தலைமுறைக்கும் சொல்வார்கள். நர்மந்தா மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த அந்த முதுகைப் பார்த்தாள். அவருக்குப் பொய்யான வழியைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"முயல் வேளை, சாமி. விடியறதுக்கு முன்ன."

மறுமுனையில் ஏடு புரளும் சத்தம் கேட்டது. "குறிச்சுக்கிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு லாமா வைத்துவிட்டார்.

பூரெவ் எழுந்தான். அடிக்கப்போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் அவள் கையிலிருந்து மூட்டையை வாங்கினான். அப்பாவின் தலையை ஒரு கையால் மெல்லத் தூக்கி, மூட்டையை அடியில் வைத்து, தலையை அதன் மேல் சாய்த்தான்.

கூரைக் கம்பளியில் மழை மெத்து மெத்தென்று விழத் தொடங்கியது. இரண்டு பேரும் தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பட்டியில் மிச்சமிருந்த ஆடுகள் ஒரே குரலில் கத்தின. பொழுது சாயச் சாய மழையின் சத்தம் மாறியது. யாரோ கூரை மேல் சின்னச் சின்ன ஆணி அடிப்பதுபோல் கேட்டது.

"வைக்கோலை மூடணும்" என்றான் பூரெவ். அக்காவின் கையுறையை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போனான்.