பூட்டிய கதவும் நாலு லட்சம் பேரும்

இலக்கு முடிந்தால்தான் சாவி என்று சொல்லி, தையல் ஆலையின் கழிப்பறைக் கதவைச் சூப்பர்வைசர் பூட்டி வைத்திருந்தார். ஆறு மாதக் கர்ப்பிணியான அண்ணி அந்தக் கதவடியிலேயே மயங்கி விழுந்தாள். நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓட, பட்டன் மிஷினில் இருந்த நாத்தனார் அதைப் பூட்டோடு சேர்த்துக் கைப்பேசியில் பிடித்தாள். வயிறு எரிய அன்று மாலையே, தன் பேர் தெரியாமல் இணையத்தில் ஏற்றிவிட்டாள்.

இரண்டே நாளில் நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். "நல்லா நடிக்கிறா" என்று ஒருத்தன் எழுதினான். இன்னொருத்தன் அண்ணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குச் சோகப் பாட்டு சேர்த்திருந்தான். எடுத்தது யாரென்று தெரியாத ஆலையோ, பேரைக் கெடுத்ததாக அண்ணியையே வேலையை விட்டுத் தூக்கியது.

"ஞாயிற்றுக்கிழமை ஆலை வாசலில் கூடுவோம்" என்று முகம் தெரியாத யாரோ அறிவித்தார்கள். வருகிறோம் என்று இரண்டாயிரம் பேர் அழுத்தினார்கள். வந்தது ஒன்பது பேர்.

அதில் ஒருவன் கைப்பேசியை அங்கே நின்ற நாத்தனாரின் முகத்துக்கு நேரே நீட்டினான். "அக்கா, கொஞ்சம் அழுதுகிட்டே பேசுங்களேன்."

"அழுறதுக்கா வந்தேன்? போடா அந்தப் பக்கம்!"

வீட்டில் அண்ணன் சமாதானம் சொன்னான். "விடும்மா, உலகமே பார்த்துடுச்சில்ல."

"பார்த்து என்ன கிழிச்சுது? எங்க லைன்ல நாப்பது பேர் இருக்கோமே, நாங்கதான் என்ன கிழிச்சோம்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே சுருக்கென்றது. காலை வணக்கப் படங்கள் மட்டும் வந்துபோகும் தங்கள் லைனின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டாள். "வீடியோ எடுத்தது நான்தான். நாளைக்குப் பத்து மணிக்கு மிஷினை நிறுத்தப் போறேன். நிறுத்துறவங்க நிறுத்துங்க. தயவுசெஞ்சு யாரும் கட்டைவிரல் படம் போடாதீங்க!"

யாரும் எதுவும் போடவில்லை.

மறுநாள் பத்துக்கு அவள் மிஷின் நின்றது. பக்கத்தில் காலர் தைப்பவள் நிமிர்ந்து பார்த்தாள், அவளும் நிறுத்தினாள். பிறகு மளமளவென்று லைன் முழுக்க ஓய்ந்தது. சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்தியும் ஒருத்தியும் அசையவில்லை. மேனேஜர் ஓடிவந்து பூட்டை எடுக்கச் சொன்னார்.

"எடுத்தாச்சில்ல? வேலையைப் பாருங்க."

"அண்ணியைத் திரும்ப எடுத்துக்கிறதா எழுதிக் கொடுங்க, சார். அப்புறம் பார்க்கிறோம்" என்றாள்.

கடிதம் வர மதியமாயிற்று. அதை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள். ஒரு தாள் எழுத ஒரு லைனே நிற்க வேண்டியிருந்ததை நினைக்க நினைக்க, அவளுக்குக் கோபம்தான் வந்தது.