நாற்பத்தேழாம் பக்கத்துப் பறவை

“அட்டையில என் பேரைப் போடுங்க, சார்.”

சொல்லிவிட்டாள். வேலைக்கு வந்த முதல் நாளே மெய்ப்பு பார்க்கும் அக்கா காதோடு காதாக எச்சரித்திருந்தாள். “இங்க ஃபேன் கேளு, லீவு கேளு, சண்டை போட்டு ஜன்னல் பக்கம் சீட்டுகூட கேளு. அட்டையில பேரு மட்டும் கேட்டுடாதடி. கேட்டவங்க யாரும் அடுத்த மாசம் இங்க இருந்ததில்ல.” மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்த வாய் திங்கட்கிழமை காலை, முதலாளி டீயை உதட்டுக்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்துத் திறந்துகொண்டது.

முதலாளி டம்ளரைக் கீழே வைக்கப் பார்த்தார். இடமில்லை. அந்த அறையில் எதற்குமே இடமில்லை. டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்த அந்தப் பதிப்பகத்தின் சுவர் என்ன நிறம் என்று ஒருவருக்கும் தெரியாது. பழைய காலண்டர் மேல் புதிய காலண்டர், அதன் மேல் விலைப்பட்டியல், கதவுக்குப் பின்னால் வாய்ப்பாடு. ஒரு சாண் காலியிடத்தைக் கண்டால் போதும், மனிதருக்குக் கை அரிக்கும். அவர் போடும் பள்ளிப் புத்தகங்களிலும் அதே கதைதான். பாடம் முடிந்து நாலு விரல் இடம் மிஞ்சினால் ‘தும்மும்போது வாயை மூடு’ வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

“உன் பேரை யாரும்மா கேக்குறாங்க?” என்றார், டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு.

“யாரும் கேக்கல. அதனாலதான் போடச் சொல்றேன்.”

“பேராசிரியர் பேரு இருக்கே!”

“அவரா எழுதினாரு?”

இந்தக் கேள்வியை அந்த அறையில் அதுவரை யாரும் கேட்டதில்லை. பேராசிரியர் வேதியியல் படித்தவர். முதலாளியின் அக்கா கணவர். முப்பது வருடமாக எல்லா அட்டையிலும் அவர் பெயர்தான். தேனீ வளர்ப்பு, கடிதம் எழுதும் முறை, கோள்களும் நட்சத்திரங்களும் என்று நாற்பத்தொரு புத்தகம். தேனீ ஒன்று ஜன்னல் வழியாக வந்தால் மேசைக்கடியில் போய்விடுவார்.

நாற்பத்திரண்டாவது, ‘ஓவியத்தின் அடிப்படைகள்’. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. கோடு, வடிவம், உருவம், நிறம், ஒளிநிழல், மேற்பரப்பு, வெளி என்று ஏழு பாடம். எட்டு மாதம் உட்கார்ந்து எழுதியவள் அவள். அறுபத்திரண்டு படமும் அவள் கை. மேற்பரப்புப் பாடத்துக்காகக் கீழே போய் டயர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுத்தாள். டயர் கடைக்காரர், “டயர் வாங்காம அது போட்ட தடத்தை மட்டும் வாங்கிட்டுப் போற முதல் ஆளு நீதான்மா” என்றார். ஒளிநிழல் பாடத்துக்காக ஒரு முட்டையை விளக்கடியில் வைத்து நான்கு நாள் வரைந்தாள். அந்த முட்டையின் கடைசி நாளை மெய்ப்பு அக்கா இன்றும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வாள்.

நிறத்தில்தான் முதல் சண்டை வந்தது. செலவைக் குறைக்கப் புத்தகம் முழுக்கக் கறுப்பு வெள்ளை என்று முதலாளி முடிவெடுத்தார். வண்ணச் சக்கரம் பன்னிரண்டு சாம்பல் துண்டுகளாக வந்து நின்றது.

“சிவப்புன்னு கீழ எழுதியிருக்கோம்ல, பிள்ளைங்களுக்குப் புரியாதா?” என்றார்.

அவள் பல்லைக் கடித்தாள். சக்கரத்தை வெறும் கோடாக விட்டு, ‘நீயே வண்ணம் தீட்டு’ என்று எழுதிக் கொடுத்தாள். முதலாளிக்கு ஒரே மகிழ்ச்சி. மையும் மிச்சம், பயிற்சியும் ஆச்சு.

பேர் கேட்கிற விஷயத்தில் அவள் வீட்டில் இரண்டு கட்சி. அப்பா சாலையில் வெள்ளைக் கோடு போடுகிற வேலை செய்பவர். “நான் போட்ட கோட்டு மேல ஊரே போகுது. எவன் போட்டான்னு ரோட்டுக்கா தெரியும்? கோடு நேரா இருந்தா போதும்மா” என்பார். இதைக் கேட்டாலே அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறும். கோணலாகப் போனால் மட்டும் யார் போட்டது என்று கேட்டுத் திட்டுகிறார்களே!

அம்மா எதிர்க்கட்சி. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மகள் பெயர் தெரியும். அவளுக்கு அது எழுத்தில்லை, படம். ஒரு கொக்கி, ஒரு பானை, ஒரு வால். கல்லூரிச் சான்றிதழில் அதைத் தேடிக் கண்டுபிடித்து விரல் வைத்துக் காட்டியவள். “இவ்வளவு பெரிய அட்டையில கொக்கி போட இடமில்லையாமா அவனுக்கு?” என்று எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதலாளி அன்று, “பார்க்கலாம்” என்றார். அங்கே ‘பார்க்கலாம்’ என்றால் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம்.

ஆனால் வியாழக்கிழமை அச்சகத்திலிருந்து கடைசி மெய்ப்புப் படி வந்தபோது, அட்டையில் பேராசிரியர் பெயருக்குக் கீழே அவள் பெயர் இருந்தது. பெரிய எழுத்தில் இல்லை, எறும்பைவிடக் கொஞ்சம் பெரியது. இருந்தாலும் இருந்தது. ஃபோனில் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். அடுத்த நிமிடம் அழைப்பு வந்தது.

“கொக்கி இருக்குடி! பானை இருக்கு! வாலும் இருக்கு! எதிர் வீட்டுக்காரிக்குக் காட்டிட்டேன். மேல் வீட்டுல ஆளில்ல, வந்ததும் காட்டுறேன்.”

“அம்மா, புத்தகம் இன்னும் வரலம்மா.”

“கொக்கி வந்துடுச்சுல்ல? போதும்.”

சிரித்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டினாள். நாற்பத்தேழில் சிரிப்பு நின்றது.

அது ‘வெளி’ பாடம். பக்கத்தின் கீழ் மூலையில் கடுகளவு ஒரு பறவை, மற்றபடி ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததுதான் பாடம். எதிர்ப்பக்கத்தில், ‘இந்தப் பறவை எவ்வளவு தூரத்தில் பறக்கிறது? உனக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது?’ என்று கேட்டிருந்தாள். எழுபது முறை வரைந்து அந்தச் சிறு பறவையை அந்த மூலையில் நிறுத்தியிருந்தாள்.

இப்போது மேலே பதினாறாம் வாய்ப்பாடு இருந்தது. நடுவில் ‘நகத்தைக் கடிக்காதே’. கீழே பேராசிரியரின் நாற்பத்தொரு நூல்களின் பட்டியல். பறவை கண்ணுக்குத் தெரியவில்லை என்று யாரோ புண்ணியவான் அதைப் பெரிதாக்கி, வாய்ப்பாட்டின் மேல் உட்கார வைத்திருந்தார்.

உணவு இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவள் போகவில்லை. அலமாரியைத் திறந்தாள்.

சாப்பிட்டு வந்த முதலாளியின் அறையில் பேராசிரியரும் இருந்தார். பின்னட்டைப் புகைப்படத்துக்காகக் கையில் ஒரு தூரிகை, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற அகலத்தில்.

“நாற்பத்தேழுல என் பக்கம் எங்க, சார்?” என்றாள்.

“அங்கதானம்மா இருக்கு. கூட நாலு விஷயமும் இருக்கு.”

“அது காலியா இருக்கணும்.”

“காலிப் பக்கத்துக்கு யாராச்சும் காசு கொடுப்பாங்களா? அச்சு விட்டுப்போச்சுன்னு பள்ளிக்கூடமெல்லாம் புத்தகத்தைத் திருப்பி அனுப்பும்.”

“அத்தனை பக்கம் எழுதினவ ஒரு பக்கம் சும்மா விடக் கூடாதா?”

பேராசிரியர் மெதுவாகத் தூரிகையை உயர்த்தினார், வகுப்பில் கை தூக்குகிற பிள்ளை போல. “முன்னாடி நீ காட்டினப்போ அந்தப் பறவை ரொம்ப தூரத்துல போச்சும்மா. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. இப்போ என்னடான்னா அடைகாக்குற கோழி மாதிரி இருக்கு.” முதலாளி முறைத்தார். “இல்ல மாப்பிள்ளை, உண்மையைத்தானே சொல்றேன். நான் எழுதினதுலயே நான் படிச்ச முதல் புத்தகம் இதுதான்.”

“அத்தான், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.” முதலாளி அவள் பக்கம் திரும்பினார். குரலில் வெல்லம் உருகியது. “இதோ பாரும்மா. பேரு கேட்டே, கொடுத்தேன். பக்கமும் வேணும்னா எப்படி? ரெண்டுல ஒண்ணு சொல்லு. பேரா, பக்கமா?”

கொக்கியும் பானையும் வாலும் இந்நேரம் மேல் வீடு வரை போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தயங்கினாள். ஒரு நொடிதான்.

“ரெண்டும் வேணாம். படத்தை நான் எடுத்துக்கிறேன்.”

“எந்தப் படம்?”

“அறுபத்திரண்டும். அசல் என் கைல இருக்கு. நீங்க எடுத்து வெச்சிருக்கிற நகலை அழிச்சுடுங்க. எழுத்தும் என்னோடது, அதையும்தான்.”

முதலாளி சிரித்தார். “நல்லாருக்கே! இங்க உக்காந்து, இங்க வேலை பார்த்துக்கிட்டு வரைஞ்சது எப்படிம்மா உன்னோடது ஆகும்?”

“இங்க வேலை பார்த்தேன்னு எங்க சார் எழுதியிருக்கு?”

சிரிப்பு பாதியில் நின்றது.

“மூணு வருஷமா வேலைக்கான லெட்டர் கேட்டேன். ‘நாமெல்லாம் ஒரே குடும்பம், குடும்பத்துக்குள்ள யாராச்சும் லெட்டர் கொடுப்பாங்களா’ன்னீங்க. சரின்னு விட்டேன். இப்போ குடும்பத்துப் பொண்ணு வீட்டை விட்டுப் போறா, சார். அவ சாமானை அவ எடுத்துட்டுப் போறா.”

“ஏய், என்ன பேச்சு இது! அச்சுக்குப் போற நேரத்துல...”

“அச்சடிச்சா வக்கீல்கிட்ட இருந்து லெட்டர் வரும். அந்த ஒரு லெட்டராவது இந்தக் குடும்பத்துக்குள்ள வரட்டும்.”

பேராசிரியர் தூரிகையைப் பார்த்தார், மைத்துனரைப் பார்த்தார். “அப்போ என் ஃபோட்டோ?” என்றார் பாவமாக.

“தேனீயோட எடுத்துக்கோங்க, சார்” என்றாள். அந்த மனிதர்மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. அதுவும் ஓர் எரிச்சல்.

வெளியே வந்தாள். மேசைமேல் நீளக் குழல் ஒன்று தயாராகக் கிடந்தது. அறுபத்திரண்டு படமும் சாப்பாட்டு நேரத்திலேயே அதற்குள் சுருண்டு போயாகிவிட்டது. மெய்ப்பு அக்கா சிவப்புப் பேனாவைக் காதில் செருகியபடி எழுந்து நின்றாள்.

“சொன்னேன்ல, அந்தப் பேச்சை எடுக்காதேன்னு! எங்கடி போறே இப்போ?”

“வீட்டுக்கு. அம்மாகிட்ட நானே சொல்லணும். நாளைக்கு வேற பதிப்பகம்.”

“அங்கயும் இதையே கேப்பியா?”

“உள்ள நுழையும்போதே கேப்பேன்க்கா.”

உள்ளே முதலாளி யாருக்கோ ஃபோன் போட்டு, ஒரு வாரத்தில் அறுபத்திரண்டு படம் வரைய ஆள் கிடைக்குமா என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் குழலைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.